அசையாததை முதலில் பாருங்கள்: நீண்ட எக்ஸ்போஷர் படத்தை ரசிக்கும் வழி

சென்னை வடபழனி சந்திப்பின் இரவுப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நூறடிச் சாலையில் வண்டிகளைக் காணோம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் மட்டும் ஓடுகின்றன. மேலே மெட்ரோ ரயில் ஒரே ஒளிப்பட்டையாகக் கடக்கிறது. பார்த்த உடனே கண் அந்தக் கோடுகளின் பின்னால் போய்விடும். பலருடைய ரசனை அங்கேயே நின்றும்விடுகிறது. ஆனால் கோடுகள் அந்தப் படத்தின் பாதி அழகுதான். தெருவிளக்கு, தூண், கடைப் பலகையின் எழுத்து, கோபுரக் கலசம் ஆகியவை அந்தப் பத்து இருபது நொடிகளும் துளிகூட நகராமல் பதிந்திருக்கின்றனவே, அதுதான் மறுபாதி. அவை கூர்மையாக நின்றால்தான் ஓடியது ஓட்டமாகத் தெரியும். அந்தக் கூர்மைக்குப் பின்னால் ஓர் எளிய ஒழுக்கம் இருக்கிறது. ஷட்டர் திறந்த நேரத்தில் படமெடுத்தவர் கேமராவைத் தொடவில்லை.

நீண்ட எக்ஸ்போஷர் என்றால் ஷட்டரைப் பல நொடிகள் திறந்தே வைத்திருப்பது. அந்த நேரத்தில் லென்ஸுக்குள் வந்த வெளிச்சம் முழுவதும் ஒரே சட்டத்தில் சேர்கிறது. நின்றது தெளிவாகப் பதியும், நகர்ந்தது இழுபடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படத்தையும் வாசிக்கத் தொடங்கிவிடலாம்.

விளக்கிலிருந்து தொடங்குங்கள்

படத்தின் தொலைவில் இருக்கும் ஒரு தெருவிளக்கைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அது ஒரு புள்ளியாகவோ, கதிர்கள் விரிந்த நட்சத்திரமாகவோ இருந்தால் கேமரா அசையவில்லை. சிறிய கொக்கிபோல ஒரு வால் தொங்கினால் அசைந்திருக்கிறது. அடுத்த விளக்கையும் பாருங்கள். எல்லா விளக்கிலும் அதே கொக்கி, அதே திசையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஷட்டர் பொத்தானை அழுத்திய விரல் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டது.

விளக்கைச் சுற்றிய கதிர்களை எண்ணுவதும் ஒரு சுகம். லென்ஸின் துளையைச் சுருக்கும்போது அதன் இதழ்களின் விளிம்பில் ஒளி வளைந்து இந்தக் கதிர்கள் பிறக்கின்றன. இதழ்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் அத்தனை கதிர்கள் வரும். ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. எட்டு இதழ் லென்ஸ் எட்டுக் கதிர் தரும், ஏழு இதழ் லென்ஸ் பதினான்கு தரும். கதிர்கள் ஊசிபோல் நேராக இருந்தால் கேமரா நின்ற உறுதி இன்னொரு முறை நிரூபணமாகிறது.

கோடுகளை வாசியுங்கள்

நிற்பவற்றைப் பார்த்த பிறகு ஓடியவற்றுக்கு வாருங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறோம். அதனால் சாலையை நேராக நோக்கும் படத்தில் நம்மைவிட்டுப் போகும் வண்டிகளின் சிவப்பு இடப்பக்கமும், நம்மை நோக்கி வருபவற்றின் வெள்ளை வலப்பக்கமும் விழும். நம்மூர்ப் படத்தில் இது மாறியிருந்தால் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

கோட்டின் நீளம் நேரத்தைச் சொல்லும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஆட்டோ ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது; 10 நொடி திறந்திருந்தால் 100 மீட்டர் கோடு. புள்ளி புள்ளியாக விட்டு விட்டுத் தெரியும் மஞ்சள் வரிசை, திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்ட வண்டி. சிவப்புக் கோடே பொடிப் பொடியாக அறுந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியும் எல்இடி விளக்கு. சிக்னலில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே எரிந்தால், ஷட்டர் திறந்திருந்தபோது சிக்னல் மாறியிருக்கிறது. நொடிகளை எண்ணிக் காட்டும் பலகையில் எல்லா எண்களும் ஒன்றன்மேல் ஒன்று பதிந்து எட்டுபோலத் தெரிவதும் அதனால்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எல்லா வண்டிகளின் கோடுகளும் ஒரே இடத்தில் துள்ளினால் அது கேமராவின் குற்றமல்ல. அங்கே வேகத்தடையோ, மேம்பாலத்தின் இணைப்போ இருக்கிறது. சாலையின் மேடு பள்ளத்தை ஒளியே வரைந்து காட்டிவிட்டது. கோட்டோடு தெருவிளக்கும் சேர்ந்து துள்ளியிருந்தால் மட்டுமே கேமரா ஆடியதாகக் கொள்ள வேண்டும்.

ஆட்கள் எங்கே போனார்கள்?

1838-இல் ஒளிப்பட முன்னோடி டாகேர் பாரிஸ் நகரின் ஒரு பெருவீதியைப் படமெடுத்தார். பரபரப்பான வீதி அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. பதிவாகப் பல நிமிடங்கள் ஆனதால் நடந்தவர்கள், வண்டிகள், குதிரைகள் எதுவும் தங்கவில்லை. காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவர் தங்கிவிட்டார்.

நம் பக்கத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஒளிப்படக்காரர் 1858-இல் மதராஸ் அரசாங்கத்துக்காகத் தஞ்சை, மதுரை, திருவரங்கம் ஆகிய இடங்களைப் பதிவுசெய்தார். மெழுகிட்ட காகித நெகடிவையும் பயன்படுத்தியவர் அவர். அதற்கு நீண்ட நேரம் வேண்டும். கேமராவில் ஷட்டர் வழக்கத்துக்கு வராத காலம் அது. லென்ஸின் மூடியைக் கழற்றி, நேரத்தை எண்ணி, மறுபடி மூடுவார்கள். அவருடைய படங்களில் கல்லின் செதுக்கல் ஒவ்வொன்றும் தெளிவாக நிற்க, காற்றில் ஆடிய இலைகள் மங்கலாகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்து வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்றால் கேமரா எத்தனை உறுதியாக நின்றிருக்க வேண்டும்! அந்தப் படங்களைப் பார்க்க வாய்த்தால் இந்தக் கோணத்திலும் பாருங்கள்.

இன்றைய வடபழனிப் படத்திலும் இதே விதிதான். நடைபாதையில் விரைந்தவர் மறைந்துவிடுவார். பேருந்துக்காக அசையாமல் நின்றவர் பதிவார். இரண்டு நொடி நின்று நகர்ந்தவர், பின்னால் இருக்கும் சுவர் தெரியும்படி நிழலாக மிஞ்சுவார்.

விரல் செய்யும் வேலை

ட்ரைபாட் வைத்தாயிற்று, இனி அசையாது என்று நினைப்பதில்தான் பல படங்கள் கெடுகின்றன. கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ். கேமரா ஒரு பாகையில் ஏறத்தாழ 150-இல் ஒரு பங்கு சாய்ந்தாலே பிம்பம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் விளக்கு ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும் இடம் மாறியதற்கு அது சமம். 200 மி.மீ. லென்ஸ் என்றால் அதில் கால் பங்குச் சாய்வே போதும். விரல் அழுத்துவது அதைவிடப் பல மடங்கு.

30-இல் ஒரு பங்கு நொடிக்கும் ஒன்றிரண்டு நொடிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் இந்த ஆட்டம் அதிகம் கெடுக்கும்; திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஆட்டத்திலேயே கழிந்துவிடும். 30 நொடிப் படத்தில் முதல் நொடியின் ஆட்டம் இருண்ட சுவரில் தெரியாமல் போகலாம். பிரகாசமான விளக்கு அந்த ஒரு நொடியையும் பதிந்துவைத்துக்கொள்ளும்.

கையை எடுக்கும் வழிகள்

ஒருமுறை நீங்களே எடுத்துப் பார்த்தால் பிறருடைய படத்தின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். பழைய ஸ்டுடியோக்களில் ஒரு ரப்பர் பந்தை அழுத்துவார்கள். குழாய் வழியே காற்று போய் ஷட்டரைத் திறக்கும். பிறகு ஷட்டர் பொத்தானில் திருகும் கேபிள் ரிலீஸ் வந்தது. இப்போது வயர் ரிமோட், அகச்சிவப்பு ரிமோட், கேமரா நிறுவனத்தின் மொபைல் செயலி என்று பல வழிகள். பெரும்பாலான கேமராக்களில் 30 நொடிக்கு மேல் போக பல்ப் மோடு வேண்டும்; பொத்தானைப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும். பூட்டும் வசதியுள்ள வயர் ரிமோட் அங்கேதான் உதவும்.

எதுவும் இல்லையா? இரண்டு நொடி டைமர் இலவசம். விரலை எடுத்த பிறகு ஆட்டம் அடங்க அந்த இடைவெளி பெரும்பாலும் போதும். டிஎஸ்எல்ஆர் கேமராவில் உள்ளே கண்ணாடி எழும்பும் அதிர்வும் உண்டு. மிரர் லாக்-அப் வசதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பழைய உத்தியும் இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் ஒட்டாமல் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்து ஷட்டரைத் திறந்துவிட்டு, ஆட்டம் அடங்கியதும் அட்டையை விலக்குவது. கைபேசி என்றால் மூன்று நொடி டைமர் வையுங்கள். பல போன்களில் வயர் இயர்போனின் ஒலிப் பொத்தானே ஷட்டராக வேலை செய்யும்.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்றில் படபடக்கும் கழுத்துவாரைக் கழற்றுங்கள். லென்ஸின் ஆட்டம் குறைக்கும் வசதியை அணையுங்கள். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8 முதல் 11, நேரம் 8 முதல் 15 நொடி என்று தொடங்கி, திரையைப் பார்த்து மாற்றுங்கள். பொழுது சாய்ந்த கால் மணி நேரத்துக்குப் பிறகு வானம் ஆழ்நீலமாக இருக்கும். விளக்கும் வானமும் சமமாக ஒளிரும் நேரம் அதுதான். சென்னையில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பும், ஜூலையில் ஆறரை தாண்டியும் சூரியன் மறைகிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

எந்த ரிமோட்டாலும் காப்பாற்ற முடியாத ஓர் ஆட்டம் இருக்கிறது: தரையின் ஆட்டம். மேம்பாலத்திலும் நடைமேம்பாலத்திலும் பேருந்து கடந்தால் தளமே அதிரும். தரையில் நிற்கும் இடமாகத் தேடுங்கள். ரயில் நிலையத்துக்குள்ளோ கோயிலுக்குள்ளோ அனுமதி கேட்காமல் ட்ரைபாடை விரிக்க வேண்டாம்.

இந்தப் பேட்டைக்குத் தெரிந்த பாடம்

கேமராவை அசையாமல் நிறுத்துவதன் மதிப்பை வடபழனிக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்று மாலும் மருத்துவமனையும் இருக்கும் பக்கத்தில்தான் விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்தது. 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ அங்கே உருவானது. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கணினி இல்லாத அந்தக் காலத்தில் ஒரு பொருளைத் திரையில் மறையவைக்க, கேமராவை நிறுத்தி, பொருளை எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டுவார்கள். இரட்டை வேடத்துக்குச் சட்டத்தின் பாதியை மறைத்து ஒருமுறை எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை எடுப்பார்கள். நடுவில் கேமரா மயிரிழை நகர்ந்தால் பின்னணி குதிக்கும், ஒட்டுக்கோடு தெரிந்துவிடும். 1965-இல் விஜயா நிறுவனம் எடுத்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் இரண்டு எம்.ஜி.ஆர். ஒரே சட்டத்தில் நிற்கும்போது அடுத்தமுறை அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் தூணையும் கவனியுங்கள். உங்கள் ரசனைக்கு அது நல்ல பயிற்சி.

தெப்பக்குளத்தில்

வடபழனி ஆண்டவர் கோயில் 1890 வாக்கில் ஒரு கூரைக் கொட்டகையாகத் தொடங்கியது. இன்று அதன் தெப்பக்குளம் நீண்ட எக்ஸ்போஷருக்கு அருமையான இடம். பங்குனி உத்திரத்தை ஒட்டித் தெப்பம் வரும்போது எடுத்த படம் கிடைத்தால் மூன்று அடுக்காகப் பாருங்கள். குளப்படிகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா? நீரின் சிற்றலைகள் ஒன்றோடொன்று கலந்து, விளக்குகளின் பிம்பம் செங்குத்தாக நீண்டு மெழுகியதுபோல் விழுகிறதா? தெப்பத்தின் சர விளக்குகள் இழுபட்டும், தெப்பம் என்று அடையாளம் தெரிகிறதா? மூன்றும் அமைய நேரத்தை அளந்து தேர்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி குறைந்தால் நீர் அலையலையாகவே நிற்கும். ஐந்து நொடி கூடினால் தெப்பமே கரைந்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் ட்ரைபாட் பக்தர்களின் காலை இடறும். அன்று கைபேசியைச் சுற்றுச்சுவரில் சாய்த்து டைமரில் எடுப்பதே மரியாதை.

தீர்ப்புச் சொல்லும் முன்

ஆட்டம் தெரியும் படமெல்லாம் தோல்வி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுக்கும் கலைஞர்களும் இருக்கிறார்கள். அங்கே அசைவுக்கு ஒரு திசை இருக்கும், படம் முழுவதும் அதற்கு இணங்கியிருக்கும். விரல் பட்ட ஆட்டம் அப்படியல்ல; மற்றதெல்லாம் நிற்க முயன்ற படத்தில் அழையாமல் வந்த சிறு கொக்கி அது.

அடுத்து ஓர் இரவுப் படம் கண்ணில் பட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: தெருவிளக்கு, எழுத்து, கட்டட விளிம்பு, அதன் பிறகு கோடுகள், கடைசியாக ஆட்கள். முதல் மூன்றும் உறுதியாக நின்றால், எடுத்தவர் பொறுமையோடு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று அறிந்து, அவருக்கு ஒரு பாராட்டு சொல்லுங்கள். கோடுகளைப் புகழ ஊரே இருக்கிறது. விளக்கு நின்றதைக் கவனித்துச் சொல்லும் ஒருவருக்காக எல்லாப் படைப்பாளிகளும் காத்திருக்கிறார்கள்.