லினக்ஸில் தமிழ் நூலமைப்பு

டொனால்ட் நூத் 1978-இல் வெளியிட்ட டெக்ஸும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லேடெக்ஸும் அச்சுக்கோப்பில் அறிவுலகம் போற்றும் மென்பொருள்கள். லினக்ஸ் கணினியில் அவற்றை நிறுவுதல் எளிது, காசும் வேண்டா. எனினும், ஈப்போவை அடுத்த பழைய ரப்பர்த் தோட்டமொன்றின் கோயில் மலரை அவற்றால் அமைக்கப் புகுவோர்க்கு ஓர் இடர் உண்டு.

யூனிகோடு எழுத்தை நேரே ஏற்பது ஸீடெக்ஸ். ஆயின், லேடெக்ஸ் ஆவணத்தில் அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் லத்தீன் மாடர்ன் எழுத்துருவில் தமிழ் இல்லை. பக்கம் முழுதும் தமிழாயின் வெற்றுத்தாள் கண்டு உடனே விழிப்போம். மலாயும் ஆங்கிலமும் விரவிய பக்கத்திலோ, தமிழ்ப் பெயர் மட்டும் ஓசையின்றி மறையும். நூல் பிழையின்றி முடிந்ததாகவே தோன்றும். குறை ஓர் எச்சரிக்கை வரியாய், நூற்றுக்கணக்கான வரிகளிடையே ஒளிந்துகிடக்கும். இதனைச் சிறு குறையென்று தள்ளல் தகாது. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் சிதறிய பின், அப்பெயர்ப் பட்டியலன்றோ அவர் அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று!

மாற்றும் உண்டு. நோட்டோ செரிப் தமிழ் போன்ற எழுத்துருவைப் பெயர்சுட்டி அமைத்தல் வேண்டும். அதனோடு, விடுபடும் எழுத்தைக் கண்காணிக்கும் கட்டளைக்கு 3 என மதிப்பளித்தால், 2021 முதலான டெக்ஸ் லைவ் பதிப்புகள் அவ்விடுபாட்டைப் பிழையென்றே அறிவிக்கும். அம்மதிப்பையே இயல்பாக்காது விட்டது ஏனோ?