மீன் ஏணியும் ஆற்றின் வழியும்
மேகொங் நீர்மின் திட்டங்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

ஆற்றுயிர்களுக்கும் மீனவர்க்கும் ஊறு விளைக்காது மின்சாரம் பெறலாம் என்னும் உறுதிமொழி இன்றைய நீர்மின் திட்ட அறிக்கைகள் பலவற்றிலும் காணப்படுகின்றது. இவ்வுறுதிமொழி எந்நிலையில் மெய்யாகும், எந்நிலையில் வெறும் அலங்காரச் சொல்லாகும் என்பதை ஆராய்தற்குத் தென்கிழக்காசியாவின் மேகொங் நதிப் படுகை தக்கதொரு களமாகும்.

கீழ் மேகொங்கில் ஆண்டுதோறும் பிடிக்கப்படும் மீன் இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. கம்போடியாவின் எளிய மக்களுக்குச் சோற்றோடு சேரும் முதன்மை உணவு மீனேயாகும். இவ்வளத்துக்கு ஆதாரமாயமைவது ஆற்றின் அசைவாகும். மழைக்காலத்தில் மேகொங் பெருகும்போது தொன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் ஓடி, அதே பெயர் கொண்ட ஏரியை நிரப்புகின்றது. வரட்சிக் காலத்தில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கும் அவ்வேரி, வெள்ளத்தின்போது 15,000 சதுர கிலோமீற்றர் வரை விரிகின்றது. இப்படுகையின் மீனினங்கள் பல மேலாறுகளுக்கு ஏறி முட்டையிடுகின்றன. முட்டைகளும் குஞ்சுகளும் வெள்ளத்தோடு மிதந்திறங்கித் தாழ்நிலங்களில் வளர்கின்றன. ஏற்றம், இறக்கம் ஆகிய இரண்டில் ஒன்று தடைப்படினும் இவ்வாழ்க்கை வட்டம் அறுந்துவிடும்.

இவ்வுண்மையைத் திட்டமிடுவோர் எவ்வாறு நோக்கினர் என்பதற்குத் தாய்லாந்தின் பாக் மூன் அணை சான்றாகும். மூன் ஆறு மேகொங்குடன் கலக்குமிடத்துக்குச் சற்று மேலே, உலக வங்கியின் கடனுதவி பெற்று, 136 மெகாவாற்று கொள்ளளவுடன் கட்டப்பட்ட இவ்வணை 1994இல் நிறைவெய்தியது. குடிபெயர்க்கப்படுவோர் தொகையைக் குறைக்கும் பொருட்டு அணையின் இடமும் உயரமும் மாற்றப்பட்டமை திட்டமிட்டோர்க்குச் சார்பாகக் கூறத்தக்கது. ஆயின், மனிதரின் வீடுகளை எண்ணிய அதே கவனத்தோடு மீனின் வழி எண்ணப்படவில்லை. நீர்த்தேக்கத்தில் மீன் பெருகும் என்றே முன்னாய்வு எதிர்பார்த்தது.

நிகழ்ந்தது வேறு. உலக அணைக்கட்டு ஆணைக்குழுவுக்காக 2000ஆம் ஆண்டளவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின்படி, அணைக்கு முன்னர் அவ்வாற்றுப் படுகையில் 265 மீனினங்கள் பதிவாகியிருந்தன. பின்னர் அணைக்கு மேற்பகுதியில் காணப்பட்டவை 96 மட்டுமே. அணையை அடுத்த மேற்பகுதியில் மீன்பிடி 60 முதல் 80 சதவீதம் வரை வீழ்ச்சியுற்றது. இவ்வீழ்ச்சியில் வேறு காரணங்களுக்கும் பங்குண்டு என்பது மறுக்கத்தக்கதன்று. எனினும், மின்சாரத்தின் கணக்கும் நிறைவளிப்பதாயில்லை. உச்சத் தேவையின்போது நம்பியிருக்கத்தக்க வலு ஏறத்தாழ 21 மெகாவாற்று மாத்திரமே என அவ்வாய்வு கணித்தது.

பாக் மூனில் மீனுக்கென ஓர் ஏணி அமைக்கப்பட்டிருந்தது. துள்ளி ஏறும் இயல்புடைய சில இனங்கள் வாழும் வடநாட்டு ஆறுகளில் வளர்ந்த கருத்து அது. மேகொங்கிலோ நூற்றுக்கணக்கான இனங்கள் உள்ளன. அவற்றுட் பல துள்ளுவனவல்ல. அவை எல்லாம் ஏறிவிட்டன என்றே கொண்டாலும், திரும்பி வரவேண்டிய முட்டைகளும் குஞ்சுகளும் ஓட்டமற்ற தேக்கத்தில் தங்கி அழியும். ஏற்றத்தை மட்டும் கண்டு இறக்கத்தை மறந்த தீர்வு, அரைத் தீர்வும் ஆகாது.

எனவே, முதன்மையான வினா அணையை எவ்விடத்துக் கட்டுவது என்பதேயாகும். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேகொங்கின் கிளையாறுகளில் திட்டமிடப்பட்டிருந்த 27 அணைகளைத் தனித்தனியே நோக்காது, படுகை முழுமைக்கும் அவை விளைக்கும் நட்டத்தை ஒப்பிட்டது. கம்போடியாவின் கீழ் செசான் 2 என்னும் ஓர் அணை மட்டுமே படுகையின் மீன்வளத்தில் 9.3 சதவீதத்தைக் குறைக்கும் என அது எதிர்வுகூறியது. வேறு பல அணைகளின் தீங்கு இதனினும் மிகச் சிறிது. இவ்வெச்சரிக்கை வெளியான பின்னரும் 400 மெகாவாற்று கொண்ட அவ்வணை கட்டப்பட்டு 2018இல் திறந்துவைக்கப்பட்டது. அறிவு இருந்தது, அது தீர்மானமாக மாறவில்லை.

வறிய நாடுகளுக்கு மின்சாரம் வேண்டாமா என்னும் வாதம் இவ்விடத்து எழும். அது நியாயமானதே. ஆயினும் மின்சாரம் எவரைச் சேர்கின்றது, நட்டம் எவரைச் சேர்கின்றது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். லாவோசில் 2019இல் இயங்கத் தொடங்கிய 1,285 மெகாவாற்று கொண்ட சயபுரி அணையின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி தாய்லாந்துக்கு விற்கப்படுகின்றது. வலையில் வீழாத மீனுக்கோ விலைச்சீட்டு இல்லை. ஆகையால் அது எவருடைய வரவு செலவிலும் ஏறுவதில்லை.

மின்சாரமும் மீனும் ஒன்றையொன்று விலக்குவன எனக் கொள்வதும் தவறாகும். அமெரிக்காவின் பெனொப்ஸ்கொட் ஆற்றில் கடலுக்கு அண்மையிலிருந்த இரு அணைகள் 2012, 2013ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டன. அவ்விழப்பு ஏனைய நிலையங்களின் உற்பத்தியை உயர்த்தி ஈடுசெய்யப்பட்டது. ஆற்றை முழுமையாக நோக்கியதாலேயே இது கைகூடிற்று.

பாக் மூன் மக்களின் நெடிய போராட்டத்தின் பயனாக 2001இல் மதகுகள் ஓராண்டுக்குத் திறக்கப்பட்டபோது, மீண்டு வந்த மீன்களைக் கிராமத்தவர் தாமே பெயர் சொல்லிப் பதிவு செய்தனர். முட்டையிடும் காலமும் மடுவும் பாறையும் அவர்கள் அறிந்தவை. அவ்வறிவு, அணை கட்டி முடிந்து ஏழாண்டுகளின் பின்னரே ஏட்டில் ஏறியது. வரைபடம் வரையப்படும் முன்னரே அது கேட்கப்பட்டிருப்பின் ஏணிக்கே தேவை எழுந்திராது. மீனவர் இல்லாத மேசையில் இடம் குறிக்கப்படும் வரை, ஆற்றைக் காக்கும் நீர்மின் திட்டம் என்பது அறிக்கைகளில் மட்டும் வாழும் சொல்லாகவே இருக்கும்.