கலெக்டர் கச்சேரியும் தமிழ்ச் சுவடியும்

1830-இல் சென்னையில் ஒரு நூல் அச்சேறியது. நீதிநெறி விளக்கத்தின் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், இலக்கணக் குறிப்புகள் ஆகிய நான்கும் அதில் அடக்கம். வெண்பாக்களை இயற்றியவர் எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர். பதிப்பித்தவர் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். ஸ்டோக்ஸ். தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒரு துறவியின் அறநூலில் கம்பெனி அதிகாரி ஒருவருக்கு என்ன வேலை? சொற்பட்டியலும் இலக்கணக் குறிப்பும் அதற்கு விடை சொல்லிவிடுகின்றன. குடிகளுக்கும் அரசனுக்கும் அறம் சொல்ல எழுந்த நூல், ஆள வந்தவர்கள் மொழி படிக்கும் பாடமாயிற்று.

ஆட்சிப் பணிக்கு வந்து, மொழி கற்று, அறிஞராகவே ஆகிவிட்ட அதிகாரிகள் ஒரு பெரிய வரிசை. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸை உலகம் அறியும். தமிழகத்தில் அந்த வரிசையின் தலைமகன் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழர் வாயில் அவர் எல்லீசன். 1777-இல் பிறந்து, 1796-இல் சென்னைக்கு எழுத்தராக வந்து, 1810-இல் சென்னையின் கலெக்டரானவர். இந்த அதிகாரிப் புலமை நமக்கு என்ன தந்தது, என்ன தராமல் போயிற்று என்பதை அவரை வைத்தே எடைபோடலாம்.

முதலில் தந்ததைச் சொல்ல வேண்டும். 1816-இல் ஏ. டி. கேம்பல் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அதன் முன்னுரையோடு எல்லிஸ் ஒரு குறிப்பைச் சேர்த்தார். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்பதே அன்று ஐரோப்பிய அறிஞரிடையே ஓங்கியிருந்த கருத்து. எல்லிஸ் வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை ஒட்டவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்களை அப்படி வைத்தால் அவை உடன்பிறந்தாரைப் போல முகச்சாயல் காட்டின. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பது அச்சில் நிறுவப்பட்டுவிட்டது.

இதைச் செய்ய அவருக்கு உதவியது அந்தப் பதவிதான். 1812-இல் அவர் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. இளம் அதிகாரிகள் அங்கே நாட்டு மொழிகளில் தேர்வெழுதித் தேற வேண்டும். அவர்களுக்குப் பாடம் சொல்லத் தமிழ், தெலுங்குப் புலவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். கல்லூரிக்கென்று அச்சகமும் வந்தது. வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் தொகுக்க முத்துசாமிப் பிள்ளையைத் தெற்கே அனுப்பினார் எல்லிஸ். முனிவரின் சதுரகராதி 1824-இல் அச்சானது அந்தக் கல்லூரி அச்சகத்தில்தான். கறையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் தப்பிய சுவடியைக் காகிதத்தில் ஏற்றப் பணமும் ஆளும் அதிகாரமும் வேண்டியிருந்த காலம் அது. எல்லிஸிடம் அவை மூன்றும் இருந்தன. அவற்றைத் தமிழுக்காகச் செலவிட மனமும் இருந்தது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் தோண்டச் செய்து, 1818-இல் ராயப்பேட்டையில் வைத்த கல்வெட்டில் நாடு அதிகாரத்துக் குறளைப் பொறித்தார். படித்த குறளைத் தம் கடமையின் விளக்கமாகவே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த மனிதரை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் எந்தப் பதவி இவ்வளவையும் செய்ய வைத்ததோ, அதே பதவிதான் இந்தப் புலமையின் குறைகளுக்கும் காரணம். மூன்று குறைகள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, கேள்வியைத் தேர்ந்தெடுத்தது அரசு. மிராசு என்னும் பரம்பரை நில உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு எல்லிஸ் எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. பழைய நூல்களையும் ஆவணங்களையும் துருவிய அரிய ஆராய்ச்சி அது. ஆனால் அடியில் இருந்த கேள்வி, நிலம் யாருடையது, வரியை யாரிடம் வாங்குவது என்பது. அதற்குச் சான்று காட்ட முடிந்தவர்கள் ஓலையும் செப்பேடும் கைவசம் வைத்திருந்தவர்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்ட பண்ணையாளிடம் ஓலை ஏது? தாமிரபரணிப் பாசனத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த இடைவெளி சட்டென்று கண்ணில் படும்.

இரண்டாவது, புகழ் ஒரு பெயரில் குவிந்தது. எல்லிஸின் மொழி ஆராய்ச்சிக்கு அடிப்படையாக இருந்தவை பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ச்சொற்களும், மாமிடி வெங்கய்யா போன்ற தெலுங்கு அறிஞர்களின் சொற்பாகுபாடும். தற்சமம் (அப்படியே வந்த வடசொல்), தற்பவம் (திரிந்து வந்த வடசொல்), தேசியம் (நாட்டுச் சொல்) என்று சொற்களைப் பிரித்துப் பார்க்கும் முறை நம் நாட்டு இலக்கண மரபினுடையது. மிராசு நூலின் பிற்சேர்க்கைகளைச் சங்கரையாவும் சிதம்பர வாத்தியாரும் பிறரும் எழுதினார்கள். எல்லிஸ் அவர்கள் பெயர்களை மறைக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். மறந்தவர்கள் பின்னால் வந்தவர்கள், நாமும் அதில் அடக்கம். பட்லராக வேலை பார்த்த தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் குறள் சுவடி எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசப் பண்டிதர் பதிவு செய்தார். அந்தப் பெயரையும் நாம் மேடைகளில் சொல்வதில்லை. 1812-இல் குறள் மூலம் அச்சேறியபோது சுவடிகளை ஒப்பிட்டுப் பிழை தீர்த்தவர்களில் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயரும் ஒருவர். வெள்ளைக்காரர் வந்துதான் நம் நூலை நமக்குக் காட்டினார் என்ற பேச்சுக்கு இது ஒன்றே போதுமான மறுப்பு.

மூன்றாவது குறைதான் என்னை மிகவும் வருத்துவது. இந்தப் புலமை தனி மனிதரோடு கட்டுண்டது. எல்லிஸ் 40 வயது வரை கற்பது, அதன்பின் நூல் வெளியிடுவது என்று முடிவு செய்திருந்ததாகப் பின்னாளில் மதராஸ் அதிகாரி வால்டர் எலியட் எழுதினார். 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில், மருந்தென்று நஞ்சைத் தவறி உட்கொண்டு எல்லிஸ் இறந்தார். வயது 41. அறத்துப்பாலின் முதல் 13 அதிகாரங்களிலிருந்து ஏறத்தாழ 120 குறள்களுக்கு எழுதிய விளக்கம் பாதியில் நின்றது. அவருடைய காகிதங்கள் மதுரைக் கலெக்டரின் வீட்டில் கிடந்தன. சமையற்காரர் மாதக்கணக்கில் அவற்றைக் கிழித்து அடுப்பு மூட்டினார் என்பது எலியட் தரும் செய்தி. தப்பிய சில ஜி. யு. போப் வழியாக ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்தன. தேடித் தேடிச் சேர்த்த ஒரு வாழ்நாள் அறிவுக்குப் பாதுகாப்பாக நின்றது ஒரு மனிதரின் உயிர் மட்டுமே. கல்லூரியும் 1854-இல் மூடப்பட்டது.

இங்கே குமரகுருபரரை மறுபடி நினைக்கிறேன். அவரும் வேற்றுமொழி கற்றவர்தான். காசியில் ஆட்சியாளரிடம் இந்துஸ்தானியில் பேச அருள் வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது மரபு. கையில் பதவி இல்லாதவர், ஆள்பவரின் மொழியைக் கற்றுப் போய் மடத்துக்கு இடம் கேட்டார். எல்லிஸ் பதவியோடு வந்து, ஆளப்படுபவரின் மொழியைக் கற்றார். இருவருக்கும் மொழி மேல் இருந்த பற்று மெய்யானது. ஆனால் குமரகுருபரர் காசியில் நிறுவிய மடம் சீடர் வழியாகத் தொடர்ந்தது. மடத்து மரபிலும் குறை உண்டு. எல்லாச் சாதியாருக்கும் அங்கே பாய் விரிக்கப்படவில்லை. பட்லர் வீட்டுச் சுவடியும் அச்சுக்குப் போகும் வழியைத் திறந்தது கோட்டைக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த அந்தப் புதிய உலகம்தான். ஒன்றில் தொடர்ச்சி இருந்தது, மற்றொன்றில் திறந்த வாசல் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டுவது இனி நம் பொறுப்பு.

அதற்கு முதல் வேலை பெரிதொன்றும் இல்லை. எங்கள் ஊரில் குமரகுருபரர் பெயரில் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே எல்லீசன் பாடம் நடக்கும்போது, கரும்பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பட்டாபிராம சாஸ்திரி, சங்கரையா, முத்துசாமிப் பிள்ளை, கந்தப்பன், அம்பலவாணக் கவிராயர் என்று எழுதப்பட வேண்டும். ஒரு பெயரையும் அழிக்க வேண்டியதில்லை. பலகையில் இடம் இருக்கிறது.