அலமாரிக்கு அடங்காதவள்

பிரான்ஸில் ரோஷ்போர் என்ற ஊரில் ஒரு வீடு இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. உள்ளே துருக்கிக் கூடம். மசூதி போல ஒரு மண்டபம். 1886-ல் ஜப்பானிய அறை, 1903-ல் சீன அறை என்று வீட்டுக்காரர் சேர்த்துக்கொண்டே போனார். அவர் கடற்படை அதிகாரி ஜூலியன் வியோ (1850–1923). பியர் லோட்டி என்ற புனைபெயரில் நாவல்கள் எழுதிப் பெரும் புகழ் பெற்றவரும் அவரே. பல வருஷம் பழுதுபார்த்த பிறகு, 2025-ல் அந்த வீட்டை மறுபடியும் பார்வைக்குத் திறந்தார்கள்.

லோட்டி நல்ல ரசிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாமான் சேர்க்கிற கண்ணாலேயே கதையும் எழுதிவிட முடியுமா?

1885-ல் அவருடைய கப்பல் நாகசாகியில் நின்றது. கப்பல் கிளம்பும் வரைக்கும் என்று பேசி, பணம் கொடுத்து, ஒரு ஜப்பானியப் பெண்ணுடன் குடித்தனம் நடத்தினார். அந்த அனுபவந்தான் 1887-ல் ‘மதாம் கிரிஸாந்தெம்’ என்ற நாவலாயிற்று. பீங்கான், விசிறி, விளக்கு எல்லாம் அதில் அற்புதமாக வருகின்றன. கதாநாயகியும் அவற்றோடு ஒன்றாக, சின்னப் பொம்மையாக வருகிறாள். அவளுக்கு என்ன வலி, என்ன ஆசை என்று கதை சொல்பவர் விசாரிப்பதே இல்லை. முக்கியப் பாத்திரங்கள் தானும், ஜப்பானும், அந்த நாடு தன் மனத்தில் உண்டாக்கிய விளைவுமே என்று சமர்ப்பணத்திலேயே சொல்லிவிடுகிறார் லோட்டி. அவள் அந்தக் கணக்கில் இல்லை!

ஆனாலும் கடைசியில் ஓர் இடம் வருகிறது. விடை பெற்றுப் போனவர் மறுபடி வருகிறார். அழுதுகொண்டிருப்பாள் என்ற நினைப்பு. அவளோ அவர் கொடுத்த வெள்ளி நாணயங்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் சிறு சுத்தியால் தட்டி, நல்லதா கள்ளதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயில் பாட்டு வேறு. லோட்டி இதை அவளுடைய கல்மனத்துக்குச் சாட்சியாகத்தான் எழுதினார். எனக்கோ, புத்தகம் முழுவதிலும் அவள் உயிரோடு நிற்கும் இடம் அதுதான். பேசிய பேரம் பேரமாக முடிந்தது. அவள் தன் கூலியைச் சரிபார்க்கிறாள்.

1900-ல் பாக்ஸர் கலகத்தை அடக்கச் சென்ற படைகளோடு லோட்டி பீகிங் போனார். சூறையாடப்பட்ட அந்த நகரத்தைப் பற்றி உருக்கமாக ஒரு நூல் எழுதினார். அங்கிருந்து வந்த பொருள்களைக் கொண்டே சீன அறையையும் அலங்கரித்தார். அந்த உருக்கம் பொய்யல்ல. ஆனால் பொருளை இழந்தவனின் துயரம் அல்ல அது. பார்க்க வந்தவனின் துயரம்.

லோட்டியை ஒதுக்கவேண்டாம், படியுங்கள். படிக்கும்போது அந்தச் சுத்தியலின் சத்தத்துக்கும் காது கொடுங்கள்.