ஒரு டின்னுக்குச் சிலை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சரயேவோக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்ததோடு விட்டார்களா? சிலையே வைத்துவிட்டார்கள்!

போஸ்னியாவின் தலைநகர் அது. அங்கே வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஒரு பளிங்குப் பீடம். அதன்மேல் இடுப்புயரத்துக்கு ஒரு தகர டின். 'இகார்' மாட்டிறைச்சி டின். 1992 முதல் 1996 வரை போஸ்னிய செர்பியப் படைகள் ஊரை வளைத்துக்கொண்டிருந்தபோது நிவாரணமாக வந்து இறங்கிய அதே சரக்கு. 'சர்வதேச சமூகத்துக்கு, நன்றியுள்ள சரயேவோ மக்கள்' என்று எழுதியிருக்கிறது. செய்தவர் நெபோய்ஷா ஷெரிச் ஷோபா. வைத்தது 2007-ல்.

நாயும் பூனையும்கூட அதைச் சீண்டாதாம். ஊரில் அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கிண்டல் சுருக்கென்று தைக்கிறது, சரி. ஆனால் ருசியா அங்கே பிரச்னை? நான் பி.காம். ஆசாமி. வரவை வரவு என்று எழுதித்தான் ஆகணும். 1992 ஜூலையிலிருந்து 1996 ஜனவரி வரை ஐ.நா. அகதிகள் அமைப்பு விமானத்தில் கொண்டுவந்தது சுமார் 1,60,000 டன். குண்டுவீச்சில் கண்ணாடி போன ஜன்னல்களை மூட அது கொடுத்த பிளாஸ்டிக் ஷீட்தான். பார்க் மரங்களையும் நாற்காலியையும் புத்தகத்தையும் எரித்துக் குளிர்காய்ந்த ஊரில் அது சின்ன உதவி இல்லை.

பற்று எங்கே இருக்கிறது என்கிறீர்களா? 1993 பிப்ரவரியில். கிழக்கு போஸ்னியாவில் ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள் ஸ்ரெப்ரெனிட்சா, செர்ஸ்கா மாதிரியான இடங்களில் அடைந்து கிடந்தார்கள். கடும் குளிர். செர்பியப் படைகள் நிவாரண லாரிகளை வழியிலேயே மறித்தன. சரயேவோ என்ன செய்தது தெரியுமா? அவர்களுக்குப் போகாத சாப்பாடு நமக்கும் வேண்டாம் என்று, வந்த நிவாரணத்தை வாங்க மறுத்தது. பட்டினி ஊர் இருந்த உண்ணாவிரதம்!

அகதிகள் அமைப்பின் தலைவர் சடாகோ ஒகாட்டா, போஸ்னியாவில் நிவாரண வேலையை நிறுத்திவைத்தார். மறுபடி ஆரம்பியுங்கள் என்றார் ஐ.நா. பொதுச்செயலாளர் பூட்ரோஸ் காலி. மாதக் கடைசியில் அமெரிக்க விமானங்கள் ராத்திரியில் பொட்டலம் போட்டன. ரோடு திறக்காததால் ஆகாயம்.

பொட்டலம் பசியாற்றும், காவல் காக்காது. பிற்பாடு ஐ.நா.வே 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்த ஸ்ரெப்ரெனிட்சாவில், 1995 ஜூலையில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று போட்டார்கள்.

ஷோபாவின் டின்னில் இந்தக் கதை இல்லை. மட்டமான டின்னைக் கொடுத்தவர்களை அது கேலி செய்கிறது. அந்த டின்னையும் வேண்டாமென்று சொன்ன ஜனங்களை அது காட்டவில்லை. சிலை வைப்பதென்றால் நான் அதற்குத்தான் வைப்பேன்.

பனியில் கம்பளி கொடுக்கும் காட்சி டி.வி.யில் வந்தால் உச்சுக்கொட்டுங்கள், தப்பில்லை. முடிந்தால் பணமும் அனுப்புங்கள். கூடவே ஒன்று விசாரியுங்கள். அந்த லாரி போகிற ரோடு யார் கையில் இருக்கிறது?