இளையராஜாவின் திருவாசகம்: ஓயாத ஒரு விவாதம்

இளையராஜா இசையமைத்த 'திருவாசகம்' இசைத்தொகுப்பு 30 ஜூன் 2005 அன்று சென்னை மியூசிக் அகாதெமியில் வெளியிடப்பட்டது. மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து தேர்ந்தெடுத்த ஆறு பகுதிகளுக்கு மேற்கத்திய இசைக்குழு, சேர்ந்திசை, தமிழ்க்குரல் ஆகியவற்றைக் கொண்டு அமைக்கப்பட்ட இசை இது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு லாஸ்லோ கோவாக்ஸ் நடத்துகையில் வாசித்தது. ஆங்கிலப் பகுதிகளை அமெரிக்க இசைநாடக ஆசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ் நிறுவிய தமிழ் மையம் இதைத் தயாரித்தது.

இளையராஜா ரசிகர்களிடையே இந்த அளவுக்கு நீண்ட வாதத்தைக் கிளப்பிய திரைசாரா ஆக்கம் வேறில்லை. 'ஹௌ டு நேம் இட்?' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) இரண்டும் கருவியிசைத் தொகுப்புகள். அவற்றைப் பிடிக்காதவர்கள் பேசாமல் ஒதுங்கிவிட முடிந்தது. திருவாசகத்தில் அது முடியாது. நூல் எல்லோருக்கும் உரியது, பலருக்குப் புனிதமானது. ஆகவே சைவர், மேற்கத்திய இசை அறிந்தவர், திரைப்பாடல் ரசிகர் என்று மூன்று தரப்பும் ஒரே வட்டை மூன்று வெவ்வேறு கேள்விகளோடு கேட்டனர்.

பெயர் குறித்த பூசல்

முதல் சண்டை 'சிம்பொனி' என்ற சொல்லின் மேல் எழுந்தது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1993 இல் இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். தமிழ்நாடு முழுவதும் அது பெருமையாகப் பேசப்பட்டது, ஆனால் வெளிவரவில்லை. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு சிம்பொனி என்ற விளம்பரத்தோடு திருவாசகம் வந்தபோது, ரசிகர்கள் அதை அந்தப் பழைய வாக்குறுதியின் நிறைவேற்றமாகவே எடுத்துக்கொண்டனர். இசை இலக்கணம் அறிந்தவர்கள் மறுத்தனர். தனிக்குரல், சேர்ந்திசை, இசைக்குழு மூன்றும் சேர்ந்து ஒரு சமய நூலை நடிப்பும் வேடமும் இன்றிப் பாடினால் அதன் பெயர் ஆரட்டோரியோ. 1742 இல் டப்ளினில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசையா' அதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

மறுத்தவர்கள் சொன்னது சரி. ஆனால் அவர்கள் காட்டிய காரணம் அரைகுறையானது. குரல் வந்துவிட்டதாலேயே சிம்பொனி இல்லை என்றால் 1824 இல் பேத்தோவன் சேர்ந்திசையைக் கொண்டு முடித்த ஒன்பதாவது சிம்பொனியை என்ன செய்வது? உண்மையான வேறுபாடு கட்டமைப்பில் இருக்கிறது. ஒரு சிறு இசைக்கருத்தை எடுத்து, உடைத்து, வளர்த்து, பகுதிக்குப் பகுதி தொடர்ச்சியைக் காட்டுவது சிம்பொனியின் வேலை. திருவாசகத் தொகுப்பின் ஆறு பாடல்களுக்கு இடையே அப்படிப்பட்ட இசை இழை இல்லை. ஒவ்வொன்றும் தன்னளவில் தொடங்கித் தன்னளவில் முடிகிறது. ஆறில் எதை முதலில் கேட்டாலும் நட்டமில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிய பிறகு இந்தப் பெயர்ச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. ஓய்ந்தது நல்லதே. அந்தச் சண்டையின் இரைச்சலில் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு: இந்த இசை மாணிக்கவாசகரின் சொல்லுக்கு என்ன செய்கிறது?

ஒரே இராகம், பல இராகம்

எட்டாம் திருமுறையான திருவாசகத்தில் 51 பகுதிகள் உள்ளன. கோயில்களில் ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்முறைப்படி பாடுகிறார்கள். திருவாசகத்தையோ மரபாக மோகன இராகத்தில், தாளக்கட்டின்றி விருத்தம்போல் ஓதுகிறார்கள். மோகனம் ஐந்தே சுரம் கொண்டது. அச்சமும் ஆசையும் கெஞ்சலும் களிப்பும் எல்லாம் அதே ஐந்து சுரத்தில் செல்லும்போது கேட்பவரின் கவனம் இசையில் தங்குவதில்லை, சொல்லுக்குப் போய்விடுகிறது. திருவாசகத்துக்கு உருகாதவர் வேறு எதற்கும் உருகமாட்டார் என்று மக்கள் சொல்லும் பழமொழிக்குப் பின்னால் இந்த ஓதும் முறைக்கும் பங்குண்டு.

இளையராஜா செய்தது இதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மனநிலைக்கேற்ற தனி மெட்டு, தனி வேகம், தனித் தனி இசைக்கருவிச் சேர்க்கை. மரபை மீறிவிட்டார் என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் புறப்படுகிறது. நூலையே திறந்து பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு தளர்ந்துபோகும். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருவுந்தியார், திருப்பொன்னூசல் என்று மாணிக்கவாசகர் எடுத்துக்கொண்ட வடிவங்களில் பாதி, பெண்கள் காய் வீசியும் உலக்கை குத்தியும் பூக்கொய்தும் ஊஞ்சலாடியும் பாடியவை. பாண்டிய அமைச்சராக இருந்தவர் முற்றத்திலும் களத்திலும் கேட்ட பாட்டைத்தான் இறைவனுக்குக் கொண்டுபோனார். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர் அதே நூலை வேறு வடிவத்தில் பாடுவதற்கு நூலாசிரியரே வழிகாட்டியிருக்கிறார்.

ஆகவே அனுமதி உண்டா என்பது கேள்வி அல்ல. உருக்கம் என்பது ஒருவர் இன்னொருவரிடம் தனியாகப் பேசும்போது பிறப்பது. மாணிக்கவாசகர் அப்படித்தான் பேசுகிறார். ஒரு முழு இசைக்குழு அருகில் நிற்கும்போது அந்தத் தனிமை என்னவாகிறது என்பதே கேள்வி.

சிவபுராணமும் 20 நிமிடமும்

தொகுப்பின் இரண்டாவது பாடல் சிவபுராணம். ஏறத்தாழ 20 நிமிடம் நீளும் இதுவே விவாதத்தின் மையம். வேண்டியவர்களுக்கு இதுதான் உச்சி. வேண்டாதவர்களுக்கு இழுவையின் சான்று.

சிவபுராணம் 95 அடிகள் கொண்டது. வாழ்க என்று ஐந்து அடி, வெல்க என்று ஐந்து அடி, பிறகு போற்றி என்று இறைவன் திருவடியிலிருந்து தொடங்கும் நூல் அது. இளையராஜா அங்கே தொடங்கவில்லை. 25ஆம் அடியில், தன் வினையின் இழிவைச் சொல்லி, புகழும் வழி தெரியாது என்று கவிஞர் கைவிரிக்கும் இடத்தில் தொடங்குகிறார். சடங்காக ஓதுபவர்களுக்கு இது முறைகேடாகப் படுவது இயல்பு. இசைநாடகமாகப் பார்த்தால் இந்த ஒரே முடிவு முழுப் பாடலையும் நிறுத்திவிடுகிறது. பெரிய இசைக்குழுவுக்கு எதிரில் ஒரு சிறிய மனிதன் வந்து நிற்கிறான், புகழத் தெரியாது என்கிறான். இசைக்குழுவின் பருமன் அவன் சிறுமையை அளக்கும் கோலாகிறது. ஷ்வார்ட்ஸின் ஆங்கில அடிகளும் இந்த மனிதனின் குறைபாட்டையே பற்றிக்கொள்கின்றன. சிவன் பெயரும் தலத்தின் பெயரும் அறியாத ஒருவருக்கும் புரியும் வாசல் அது.

அடுத்து வருவது பிறவிகளின் பட்டியல். புல்லில் தொடங்கித் தேவர் வரை 14 பிறப்புகளை மாணிக்கவாசகர் அடுக்கி, எல்லாம் பிறந்து களைத்துவிட்டேன் என்கிறார். ஓதும்போது இதைச் சில நொடிகளில் கடந்துவிடலாம். இளையராஜா கடக்க விடுவதில்லை. தமிழ்க்குரல் பட்டியலைச் சொல்கிறது, ஆங்கிலச் சேர்ந்திசை அதே களைப்பைத் தன் போக்கில் சொல்கிறது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, மீண்டும் வருகின்றன. நீளம் இங்கே பொருளின் பகுதி. களைத்தேன் என்ற சொல்லை நம்புவதற்குக் கேட்பவரும் கொஞ்சம் களைக்க வேண்டும்.

நீளம் பற்றிய இதே சச்சரவு மேலைநாட்டு ராக் ரசிகர்களிடமும் நடந்திருக்கிறது. அதன் பொருளும் தற்செயலாக இந்தியாவிலிருந்து போனதே. யெஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1973 இல் 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. பாடகர் ஜான் ஆண்டர்சன் பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலில் சாத்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பைப் படித்ததே அதன் விதை. நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு பாடல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். தட்டின் பக்கத்தை நிரப்புவதற்காக இழுத்திருக்கிறார்கள் என்று பலர் குறை சொன்னார்கள். குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மேனுக்கே அது பிடிக்கவில்லை, 1974 இல் விலகினார். இன்றும் அந்தத் தட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் உண்டு, தூக்கி எறிபவர்களும் உண்டு. அங்கே அடிக்குறிப்பு கொடுத்தது ஒரு நான்கு பகுதிச் சட்டகத்தை மட்டுமே. சொற்களை ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவ்வும் பிறகு எழுதி நிரப்பினார்கள். இளையராஜாவின் கையில் 95 அடி மூலநூல் இருந்தது, எங்கே நிற்பது எங்கே திரும்புவது என்று அதுவே சொல்கிறது. ஒரே 20 நிமிடம் ஓரிடத்தில் நிரப்பலாகவும் இன்னோரிடத்தில் தேவையாகவும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மற்ற ஐந்து

மற்றவை அனைத்தும் இந்த உயரத்தை எட்டவில்லை. யாத்திரைப் பத்து முதலில் வைக்கப்பட்டது நல்ல யோசனை. காலம் வந்துவிட்டது, புறப்படுங்கள் என்று அடியார்களை அழைக்கும் பகுதி அது, வாசலில் நின்று கூப்பிடும் குரல். நூலின் 45ஆம் பகுதியை முன்னால் கொண்டுவந்து வைத்த துணிவு பாராட்டத்தக்கது. தும்பியைத் தூதுவிடும் திருக்கோத்தும்பி இனிமையானது, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

திருப்பொற்சுண்ணம் இறைவன் நீராட்டுக்குப் பெண்கள் கூடி மணப்பொடி இடிக்கும் பாட்டு. உலக்கை ஏறி இறங்கும் மூச்சு அதன் யாப்பிலேயே இருக்கிறது. கிராமத்து வேலைப்பாட்டின் தாளத்தை இளையராஜா அளவுக்கு அறிந்த இசையமைப்பாளர் தமிழில் குறைவு. பதிவில் துள்ளல் இருக்கிறது, வேலையின் கனம் இல்லை. வழவழப்பான இசைக்குழு ஒலிக்கு அடியில் உலக்கை தரையைத் தொடாமலே போகிறது. அவரே திரைப்படங்களில் நாலைந்து கருவிகளைக் கொண்டு இதைவிட மண்ணோடு ஒட்டிய ஒலியைக் கொடுத்திருக்கிறார். பெரிய வளம் எப்போதும் பெரிய பயன் தருவதில்லை என்பதற்கு இந்தப் பாடலே போதும்.

பிடித்த பத்து இதற்கு மறுபக்கம். தாயினும் மேலாகப் பரிந்து ஊட்டியவனை இறுகப் பற்றிக்கொண்டேன், இனி எங்கே போய்விடுவாய் என்று கேட்கும் பகுதி அது. இசைக்குழு குரலுக்குப் பின்னால் அடங்கி நிற்கிறது. ஓதுவார் மரபின் தனிமைக்கு மிக அருகில் வருவது இதுவே. இசைத்தொகுப்பை ஏற்காத சைவ அன்பர்களிடமும் இந்தப் பாட்டுக்கு எதிர்ப்பு குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

குரல் பற்றிய குறையும் இங்கே நினைவுக்கு வரும். பயின்ற பெருங்குரல் ஒன்று முதன்மைப் பகுதிகளைப் பாடியிருக்கலாம், இளையராஜாவே பாடியிருக்க வேண்டாம் என்பார்கள். அந்தப் பெருங்குரல் இசைக்குழுவோடு போட்டி போட்டிருக்கும், நாயினும் கடையேன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரின் குரலாக இருந்திருக்காது. மேல்தாயிக்குப் போகும்போது சற்றுத் தேயும், மெருகேறாத இந்தக் குரலே 14 பிறவியின் களைப்பை நம்பவைக்கிறது.

அச்சப்பத்து என்ற முடிவு

தொகுப்பு அச்சப்பத்தோடு முடிகிறது. பாம்புக்கு அஞ்சமாட்டேன், பொய்யர் மெய்க்கும் அஞ்சமாட்டேன் என்று அஞ்சாதவற்றை அடுக்கி, கடைசியில் தான் உண்மையாக அஞ்சுவது எதற்கு என்று ஒவ்வொரு செய்யுளிலும் சொல்லும் அமைப்பு அதற்கு. இசைக்கு இதைவிட ஏற்ற ஏணி கிடைக்காது, இளையராஜா அதில் ஏறத் தவறவில்லை.

ஆனால் முதல் செய்யுளில் மாணிக்கவாசகர் அஞ்சுவது யாருக்கு? சிவனன்றி வேறு தெய்வம் உண்டு என்று நினைப்பவர்களைக் காண்பதற்கு. கிறித்துவ அருட்தந்தை ஒருவர் முன்னின்று தயாரித்து, அமெரிக்கர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, ஹங்கேரியர்கள் வாசித்து, மதம் கடந்த ஆக்கம் என்று கொண்டாடப்பட்ட ஒன்று, மதத்தின் எல்லைக்கோட்டை மிக அழுத்தமாக வரையும் செய்யுளில் வந்து முடிகிறது. தொகுப்பு எல்லோருக்கும் பொது என்று புகழ்ந்தவர்கள் இந்தக் கடைசிப் பாட்டின் சொல்லைத் தாண்டிப் போனார்கள். சைவத்தைக் கரைத்துவிட்டார்கள் என்று சினந்தவர்களும் அதே சொல்லைத் தாண்டித்தான் போனார்கள். சிவபுராணத்தில் ஆங்கிலம் திறந்துவிட்ட அகன்ற வாசலுக்கும் இந்த முடிவுக்கும் இடையிலான இழுபறியை இசை தீர்க்கவில்லை, தீர்க்க முயன்றதாகவும் தெரியவில்லை. 1900 இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கிறித்துவப் பாதிரியார் ஜி.யு. போப் முழு நூலையும் மொழிபெயர்த்தார். தன் சமயத்தோடு முரண்படும் இந்தப் பத்தையும் அவர் ஒதுக்கவில்லை. இளையராஜாவும் ஒதுக்கவில்லை, அதைக் கடைசியில் வைத்தார்.