கால் கட்டை தூக்கல்

திருச்சியில் கலைந்துபோன ஒரு பேண்டு செட்டின் தகரப் பெட்டிக்குள் இந்தக் கிளாரினெட் கிடந்தது. விலை 4,000 ரூபாய். “ஊத முடியாதுங்க, சும்மா அலமாரியில வச்சுக்கலாம்” என்றார் விற்றவர். எட்டு மாதமாக இதைத்தான் தினமும் ஊதுகிறேன்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மரமா, கெட்டிப்படுத்திய ரப்பரான எபனைட்டா என்பது. எபனைட்டைத் துணியால் சூடேறத் தேய்த்தால் கந்தக வாடை வரும். வெயில் பட்டுப் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகவும் ஆகிவிடும். இதில் வாடை இல்லை. உள்ளே டார்ச் அடித்தால் துளைச் சுவரில் நீளவாக்கில் ரேகை ஓடுகிறது. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளரும் ஆப்பிரிக்கக் கருமரம், தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்தபோது தேய்ந்த முத்திரையும் தெரிந்தது: ஹாக்ஸ் அண்ட் சன், டென்மன் தெரு, லண்டன். அந்த நிறுவனம் 1930இல் பூஸியுடன் இணைந்துவிட்டது. அதனால் இது அதற்கு முந்தையது. மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் ஒரே எண் இருந்ததால் ஜோடி மாறவில்லை என்றும் உறுதியானது.

13 கீ, கீழ்த் துண்டில் 2 வளையம். பாரிஸில் குளோசேயும் பஃபேயும் 1839 முதல் 1843 வரை உருவாக்கிய போம் முறையில் 17 கீயும் 6 வளையமும் உண்டு. இன்று பெரும்பாலும் கற்றுக்கொடுப்பது அதைத்தான். என்னிடம் இருப்பது இவான் முல்லரின் 13 கீ கிளாரினெட் வழி வந்த எளிய முறை. ஆல்பர்ட் என்றும் சொல்வார்கள்.

அடுத்தது நீளம். மவுத்பீஸ் இல்லாமல் அளந்தால் 58 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய பி-ஃபிளாட் கிளாரினெட் 60 செ.மீ.யை ஒட்டி வரும். இந்த 2 செ.மீ. வித்தியாசம்தான் பழைய கிளாரினெட் வாங்குகிறவர்களை ஏமாற்றுவது. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசி வரை, இன்று 440 அதிர்வாக வைக்கும் சுரத்தை 452க்கு வைத்து வாசித்தன. நம் கணக்கில் ஏறக்குறைய கால் கட்டை தூக்கல். மவுத்பீஸுக்கு அடுத்த துண்டான பேரலை வெளியே இழுத்து இதைச் சரிசெய்ய முடியாது. குழலின் மேல்பக்கத்துத் துளைகளில் ஒலிக்கும் சுரங்கள் நிறைய இறங்கும், அடிச் சுரங்கள் அவ்வளவாக இறங்காது. ஆகவே கீபோர்டுடனோ சினிமா இசைக் குழுவிலோ இது சேரவே சேராது. மேல்நாட்டு இசை வாசிப்பவர் பார்த்தால் ஒதுக்கிவிடுவார்.

நமக்கு அப்படி ஒதுக்க வேண்டிய அவசியம் இல்லை. கர்நாடக இசையில் ஷட்ஜம் நாம் வைப்பதுதான். எலக்ட்ரானிக் தம்பூராவை இரண்டரைக் கட்டைக்கும் மூன்றுக்கும் நடுவில் நகர்த்தி நிறுத்தினேன். குழல் அப்படியே போய் அதில் உட்கார்ந்தது. சதிர்க் கச்சேரியில் பக்கவாத்தியமாக இருந்து, பிறகு ஏ.கே.சி. நடராஜன் கையில் தனிக் கச்சேரி மேடை ஏறிய வாத்தியம் இது. கால் கட்டைக்காக இதைத் தூக்கி எறிவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பழுது பார்க்க மூன்று வாரம் ஆனது. மேல் துண்டில் 4 செ.மீ. நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு. யாரோ தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்திருந்ததால் அந்த இடமெல்லாம் சிக்குப் பிடித்திருந்தது. எண்ணெய் இருக்கிற மரத்தில் பசை நிற்காது. ஒட்டி முடித்த பிறகுதான் எண்ணெய் என்ற வரிசையை மாற்றக் கூடாது. சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, நீர்த்த உடனடிப் பசையையும் கருமரத் தூளையும் மாறி மாறி விட்டு, நைஸ் உப்புத்தாளால் சமன் செய்தேன். மறுநாள் மெல்லிசாகப் பாதாம் எண்ணெய். துருப்பிடித்த திருகுகளைப் பலவந்தமாகத் திருப்பாமல் ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்தேன், எல்லாமே கழன்றன. ஊசி ஸ்பிரிங் மூன்றை மாற்ற வேண்டியிருந்தது.

அதிக நேரம் எடுத்தது கீகளில் துளையை மூடும் பேட்கள். பழைய கீகளின் கிண்ணம் ஆழம் குறைந்தது. இன்று கடையில் கிடைக்கும் பேட் தடித்திருப்பதால் பின்பக்கம் முதலில் தொட்டு, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மெல்லிய பேடாகத் தேடி வாங்கி, அரக்கை உருக்கி ஒவ்வொன்றையும் மிதக்கவிட்டுச் சமன்படுத்தினேன். சிகரெட் தாள் துண்டை இடுக்கி இழுத்தால் சுற்றிலும் ஒரே பிடி இருக்க வேண்டும். கடைசியில் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, எல்லாத் துளைகளையும் மூடி உறிஞ்சினேன். காற்று உள்ளே சில வினாடி பிடித்து நின்றது.

பெட்டியில் இருந்த பழைய மவுத்பீஸில் பல் பதிந்த தடம் உண்டு. அழகுக்காகப் புதியதை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அடிச் சுரமும் மேல் சுரமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பழையதைப் போட்டதும் ஒட்டியது. குழலோடு வந்த மவுத்பீஸை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

நாதம் கனமாக, கொஞ்சம் இருட்டாக, மந்திரத்தில் மரத்தின் வாசனையோடு வருகிறது. விரல் நேராகத் துளையில் படுகிற இடங்களில் ஜாருவும் கமகமும் வழுக்கிக்கொண்டு போகின்றன. கீ மூடும் இடங்களில் அந்தச் சுகம் இல்லை. தோடி காந்தாரத்தைப் பாதி உதட்டால்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நாகஸ்வரத்தின் வழுக்கல் இதற்கு வராது. இன்னொரு சங்கடம், கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே தாண்டும்போது விரல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விழ வேண்டும். அந்தத் தாண்டல் மந்திர ஸ்தாயியில் வரும்படி ஷட்ஜத்தை வைத்திருக்கிறேன்.

பழுதுக்கு மொத்தம் 3,500 ரூபாய் ஆனது. போம் முறையில் பழகியவர்கள் இதை வாங்க வேண்டாம், விரல் குழம்பும். நாகஸ்வரமோ புல்லாங்குழலோ வாசித்த கைக்குத் தாராளமாகச் சொல்வேன்.

பல வருடம் ஊதாமல் கிடந்த மரம் ஈரம் பட்டதும் ஊதிப் பெருக்கும். முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்து நிமிடம்தான், வாசித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்க வேண்டும். கார்த்திகை மழையில் பேரல் இறுகி, கழற்றவே சிரமமாகிவிட்டது. தக்கையை ஒரு சுற்று தேய்த்துக் குறைத்தேன். சித்திரை வெயிலில் அதே இடம் தளர்ந்தது. இப்போது நூல் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன்.